பினாங்குக் கப்பலுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

முதல் தடவையாகக் கப்பல் ஏறப் போகிறவர்கள் யாராவது வந்து யோசனை கேட்டால் மடமடவென்று சொல்லுவேன். மாசி, பங்குனியில் போ, கடல் அடங்கிக் கிடக்கும். கப்பலுக்கு நடுவில் அறை கேட்டு வாங்கு, முன்பக்கமும் பின்பக்கமும் ஆட்டம் தாங்காது. எலுமிச்சங்காய் ஊறுகாய் இல்லாமல் கிளம்பாதே. இத்தனையும் சொல்லுவேன். "நீங்க எந்தக் கப்பல்ல போறதுன்னு எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டுவிட்டால் மட்டும் எதையோ மறந்துவிட்ட மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவேன். அதைச் சொல்ல வெட்கம். இப்போது சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் செத்தால் என் கட்டை வேகாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. ராசிபுரத்தில் எங்களுக்குப் பட்டுத் தறிகள் இருந்தன, கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையும் இருந்தது. தறிகள் அண்ணன் பொறுப்பு, கடை என் பொறுப்பு. எனக்கு முப்பத்திரண்டு வயது. மனைவி குமாரபாளையத்துக்காரி, காவேரிக் கரையில் வேட்டி நெய்கிற குடும்பம். எங்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் சேலைகளை வாங்கி விற்கிற பினாங்கு வியாபாரி ஒருவர், ஒரு தடவை குடும்பத்தோடு வந்து எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுப் போங்களேன் என்று காகிதம் எழுதினார். மரியாதைக்கு எழுதியிருப்பார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சென்னைக் கப்பல் கம்பெனிக்கு எழுதிப் போட்டதில் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. வழவழ காகிதம், பக்கத்துக்குப் பக்கம் படம். வெள்ளைக் கப்பல், மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, அதில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஒரு துரை, பக்கத்தில் தொப்பி போட்ட துரைசாணி. இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவரைப் பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்குப் பிறகு கடைக்கு யார் வந்தாலும் சேலை முந்தியை விரித்துக் காட்டுவதை விட்டுவிட்டுக் கப்பல் படத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள்கூட, "அப்படிங்களா, நீங்க போறீங்களா?" என்று வாயைப் பிளந்தார்கள். ஆமாம் என்றேன். கேட்டவர்களிடமெல்லாம் ஆமாம் என்றேன். மடையன், வீட்டில் ஒரு வார்த்தை பேசாமலேயே ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன்.

சேலத்தில் கப்பல் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்கிற ஏஜெண்டு ஒருவர் இருந்தார். பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். அறை எஞ்சினுக்கு நேர் மேலே வேண்டும் என்று நான் கேட்டேன். வண்டியில் அச்சுக்கு மேலே உட்கார்ந்தால் தூக்கிப் போடாது அல்லவா, அந்தக் கணக்கு. அவர் சிரிக்காமல், "வேணாங்க, வெந்து போயிருவீங்க" என்று மட்டும் சொன்னார். அம்மை குத்திய சர்டிபிகேட் வேண்டும் என்றார். அப்புறம் ஒரு நல்ல யோசனை சொன்னார்.

"மொத தடவை போறவங்களுக்கு நான் சொல்றது கொழும்புதாங்க. ரயில்ல தனுஷ்கோடி. அங்கிருந்து ரெண்டு மணி நேரக் கப்பல், அந்தக் கரையில மறுபடி ரயில். கடல் உங்க ஒடம்புக்கு ஒத்துக்குதான்னு தெரிஞ்சு போயிரும். ஒத்துக்கிச்சுன்னா அடுத்த வருசம் பினாங்கு போங்க. அது ஒரு வாரம் தண்ணிதான், கரையே கண்ணுல படாது."

"ரெண்டு மணி நேரமா? அதுக்கு நான் மாமனார் ஊட்டுக்குப் போயிப் பரிசல் ஏறிக்குவேனே" என்றேன். ஏஜெண்டைப் பார்க்க வந்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. கப்பலே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஏனுங்க, கொழும்புக்கே போலாமுங்க" என்றாள். "அம்மாவுக்கு இந்த மாசம் இளைப்பு ரொம்பச் சாஸ்தியா இருக்குது. கொழும்புன்னா பத்து நாள்ல திரும்பிரலாம். ஒரு தந்தி வந்தாலும் ரயிலேறி வந்து சேந்துரலாம். பினாங்குன்னா நடுக்கடல்ல வந்து யாருங்க சொல்லுவாங்க?"

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் கோபம் வந்தது.

"உங்கம்மாவுக்கு நான் தாலி கட்டுன நாள்லேருந்து இளைப்புத்தான்" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடி என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் இதே கதை. நான் பினாங்கு என்பேன், அவள் கொழும்பு என்பாள், கடைசியில் பேச்சே நின்றுபோயிற்று. சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கடைக்குப் போனால் எதிர்க்கடைக்காரர், "என்னங்க கப்பக்காரரே, எப்பப் பயணம்?" என்று தினமும் ஒரு தடவை கேட்பார். இவரிடம் போய்க் கொழும்பு என்று சொன்னால் மூக்கறுபட்ட மாதிரிதான். மாமியார் மூச்சு விடச் சிரமப்படுவதைவிட என் மூக்கு எனக்குப் பெரிதாக இருந்தது.

அண்ணனுக்கு இந்த இழுபறி பிடிக்கவில்லை. ஒருநாள் தறிக்கூடத்திலிருந்து எழுந்து வந்து, "ஏன்டா தம்பி, எத்தன நாளைக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருப்பீங்க? பூக்கட்டிப் பாத்துருங்க. கல்யாணத்துக்குக் கேக்கறோம், கெணறு வெட்டக் கேக்கறோம். கப்பலுக்கும் ஆத்தாளே சொல்லட்டும்" என்றார். மனைவி உடனே தலையாட்டினாள். அவளுக்கு எங்கள் கோவில் அம்மன் மேல் அத்தனை நம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து நாரால் கட்டி, இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் போடுவார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோவில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். மற்ற இடங்களில் பூசாரியே கட்டுவார். எங்கள் வகையறாவில் மட்டும், கேட்கிற வீட்டு ஆம்பிளை கோவிலுக்குப் பின்னால் தனியாகப் போய்க் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று வைத்திருந்தார்கள். கட்டுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. அம்மன் முன்னால் எவன் பொய் சொல்லுவான் என்ற தைரியம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனோம். அண்ணன், அண்ணி, நாங்கள் இரண்டு பேர், பூசாரி. பினாங்குக்குப் போகலாமா என்பது கேள்வி. பூசாரி இரண்டு பூவையும் என் கையில் கொடுத்தார். கோவிலுக்குப் பின்னால் வெள்ளை அரளிச் செடி ஒன்று ஆளுயரத்துக்குப் பூத்து நின்றது. அதிலிருந்து ஒன்றைப் பறித்தேன். சிவப்பை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டேன். இரண்டு இலையிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். கை நடுங்கியது என்று எழுதினால் அது பொய். நடுங்கவில்லை. நார் முடிச்சு நன்றாக விழுந்தது.

பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டதும் மனைவி ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்காகத்தான் வேண்டியிருப்பாள். குனிந்து இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்து, "வெள்ளை! உத்தரவு கெடச்சிருச்சு, தாயி" என்றார். அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பாய்ந்து மற்றப் பொட்டலத்தை எடுத்துக் கிணற்றில் வீசினேன்.

"சரிங்க, போலாமுங்க" என்றாள் அவள். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் குமாரபாளையம் போனோம். மாமியார் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரோரம் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "ஆத்தாளே சொன்னதுக்கப்பறம் என்ன சாமி, போயிட்டு வா. எத்தன நாளாகும்?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாசந்தானுங்க அத்தை. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவோம்" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மச்சான், அவளுடைய அண்ணன், என்னைத் திரும்பிப் பார்த்தார். நெடுநெடுவென்று உயரம், பேச்சுக் கம்மி, கோபம் ஜாஸ்தி. மூச்சுக்குத் திணறுகிற மனுஷி முன்னால் எந்த வார்த்தையைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்து ஒரு மணி நேரம் நான் துரை மாதிரி மேல்தளத்தில் நின்றேன். அதோடு சரி. அதற்கப்புறம் மூன்று நாள் தகர வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். குடலே வாய் வழியாக வந்துவிடும் போலிருந்தது. ராசிபுரத்து நெய் ஒரு தூக்கு, புளிச்சோறு, பருப்புப் பொடி, முறுக்கு எல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். நெய் வாசம் அடித்தாலே எனக்குக் குமட்டியது. அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. சின்ன வயதிலிருந்து பரிசலில் போய் வந்தவள், ஆடுகிற தரையில் வீட்டுக்குள் நடப்பது போல நடந்தாள். என் வாளியைக் கழுவினாள், நெற்றியில் ஈரத் துணி போட்டாள், ஊறுகாயை நாக்கில் தடவினாள். "இத்தன ஆசப்பட்டு வந்து இப்படிப் படுத்துக் கெடக்கறீங்களே, சாமி" என்று சிரித்தாள். சிறகு முளைத்த மீன் கூட்டமாகப் பறக்கிறது, எழுந்து வந்து பாருங்கள் என்று ஓடி வந்து கூப்பிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும், நான் செய்ததில் தப்பே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாரேன், நல்லதுதானே செய்திருக்கிறேன் என்று.

பினாங்கில் வியாபாரியே துறைமுகத்துக்கு வந்திருந்தார். கும்பிட்டார், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய்த் தந்தியைக் கையில் கொடுத்தார். அது அவர் கடைக்கு வந்து நாலு நாளாகியிருந்தது. நாங்கள் புறப்பட்ட மூன்றாம் நாள் மாமியார் போய்விட்டார். நான் வாளியைக் கட்டிப்பிடித்துக் கிடந்த நேரம்.

அவளிடம் எப்படிச் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. காகிதத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். எங்கள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். கூலிகளும் மூட்டைகளுமாக ஜனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பற கப்பல் எப்பங்க?" என்றாள். எட்டு நாள் கழித்துத்தான் இருந்தது. அந்த எட்டு நாளும் வியாபாரி வீட்டு அறை ஒன்றில் இருந்தோம். பினாங்கில் மலை இருக்கிறது, மேலே ஏற ரயில் இருக்கிறது என்பார்கள். நான் பார்த்ததில்லை. போய்வந்தவன் மாதிரி எத்தனையோ பேரிடம் அந்த மலையை வர்ணித்திருக்கிறேன்.

திரும்பி வருகிற கப்பலில் மூன்றாம் நாள் காலை. என் வயிறு அடங்கியிருந்தது. அவள் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனியும் சொல்லாவிட்டால் மனுஷனே இல்லை என்று தோன்றியது. பக்கத்தில் போய் நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தப் பூ... ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சுக் கட்டுனேன் புள்ள."

"தெரியுமுங்க" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"பூக்கட்டிப் பாத்தமே, அதுக்கு மக்கா நாளு விளக்குப் போடலாம்னு கோயலுக்குப் போனேன். கால் கழுவக் கெணத்துல தண்ணி சேந்துனேன். வாளியில வந்துச்சு. எல ஊறிப் பிரிஞ்சு கெடந்துச்சு. உள்ள வெள்ளை."

"தெரிஞ்சுமா வந்த?"

"உங்க அண்ணி, அக்காகிட்டச் சொல்லலாம்னு பாதி தூரம் ஓடினேனுங்க. அக்கா உங்க அண்ணங்கிட்டச் சொல்லும். அவரு பூசாரிகிட்டக் கேப்பாரு. ஆத்தாகிட்டயே பொய் சொன்னவன்னு ஊரு உங்களக் காறித் துப்பும். ஒரு தறிக்காரனாவது உங்க பேச்சுக்கு நிப்பானுங்களா? நெனச்சுப் பாத்தேன். திரும்பி ஊட்டுக்கு வந்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "ஏனுங்க, எனக்கு இது வேணும், எங்கூட வா புள்ளன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? அம்மாகிட்டச் சொல்லிட்டு, அழுதுட்டு, வந்திருப்பேன். என்னக் கேக்கறதுக்கு உங்களுக்கு அத்தன கேவலமாப் போச்சா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவள் காலில் விழவில்லை, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அப்போதும் ஆட்களைத்தான் பார்த்தேன். "ஊருக்குப் போனதும் உங்கண்ணங்கிட்ட நானே சொல்றேன். தப்பு என்னுதுன்னு நானே சொல்லிர்றேன். உம்மேல ஒரு சொல்லு விழ உடமாட்டேன்" என்றேன்.

"சொல்லுங்க" என்றாள். "எங்கண்ணன் கோவக்காரன். ஆனா உண்மையச் சொன்னா ஒத்துக்குவான். எனக்கு இனி அம்மா ஊடுன்னா அவன் ஊடுதான்."

குமாரபாளையம் போய்ச் சேர்ந்தபோது கருமாதி முடிந்து எத்தனையோ நாளாகியிருந்தது. நாங்கள் வருகிறோம் என்று கேள்விப்பட்டுப் பங்காளிகள், பக்கத்துத் தறிக்காரர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மாமியார் சாய்ந்திருந்த சுவரோரம் இப்போது பாவு நூல் மூட்டை இருந்தது. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை நான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். மச்சான், தப்பு என்னுது, அவள் மேல ஒண்ணுமில்லைங்க. அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

மச்சான் என்னைக் கும்பிட்டு, "வாங்க மாப்பிள்ளை" என்று பாய் போட்டார். பிறகுதான் தங்கையைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா மகாராணி? மூணு நாளு, கதவு அசைஞ்சாப் போதும், 'வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு கேட்டுச்சு. 'வந்துட்டு இருக்காம்மா'ன்னு நானும் பொய் சொல்லிட்டே இருந்தேன். பெத்தவ இழுத்துட்டுக் கெடக்கறப்ப உனக்குக் கப்பல் கேட்டுச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. நான் பேச இடம் விட்டு நின்றாள், அவ்வளவுதான்.

வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் எங்கள் கடைக்கு வேட்டி நெய்து கொடுக்கிறவர்கள். ஒருவர் கைகட்டி, என்னையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் முன்னால் சொல்ல வேண்டுமா, பிறகு மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதாதா என்று தோன்றியது. அந்த யோசனையிலேயே நேரம் போய்விட்டது.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "பூ வெள்ளையா வந்துச்சுண்ணா" என்றாள்.

"ஆத்தா பேரச் சொல்லாத!" என்று அவர் கத்தினார். "உன் ஆசைக்கு ஆத்தாளயா இழுக்கற? இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத. அம்மாவோட நீயும் போயிட்டன்னு நெனச்சுக்கறேன்."

அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றாள். எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். உள்ளே மச்சான் மனைவி மாப்பிள்ளைக்கு என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை எடுத்துக் குடித்தேன்.